கச்சான் காலத்திற் சாடி மிளகாயைப் பேணும் முறை

கமக்காரர்களே,

நற்பிட்டிமுனை, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களில் வளவுகள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து வருவதை நீங்கள் நன்கு அறிவீர்கள். பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தல் நம் பகுதி வழக்கம். அவ்வழக்கத்தால் ஒரு தலைமுறைக்கு முன் மிளகாயும் கத்தரியும் வெண்டியும் காய்த்த கொல்லைகளில் இன்று சுவர்கள் எழுந்துள்ளன. வயல் மேற்கே இருக்கிறது. ஆனால் அடுக்களைக்கு வேண்டிய காய்கறிக்கு வளவில் இடம் இல்லை. எனவே பலரும் சாடிகளிலும் உரப்பைகளிலும் மிளகாய்ச் செடியை வைத்து வளர்க்கின்றனர். இது விரும்பத்தக்கதே. நம்மூரார் கொச்சி என்று வழங்கும் மிளகாய், ஐந்தாறு செடிகள் செழித்து நின்றால் ஒரு குடும்பத்தின் பச்சைமிளகாய்த் தேவையிற் பெரும்பகுதியைத் தீர்க்கும்.

இதன் பயனை 2022ஆம் ஆண்டு நமக்குத் தெளிவாக உணர்த்தியது. நாட்டில் நேர்ந்த பொருளாதார நெருக்கடியால் எரிபொருள் கிடைக்காது, காய்கறி ஏற்றி வரும் லொறிகள் குறைந்து, விலை ஏறியது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்தற்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் தீர்மானிக்கப்பட்டது. ஆனால் யூன் மாதமோ நம் பகுதியிற் கச்சான் வீசும் காலம். மாரிக்காலத்தில் நட்டிருந்தாற் காய்த்திருக்கக்கூடிய செடிகளை அக்காலத்தில் நட்டவர்களுட் பலர் பூ உதிர்வதைக் கண்டு மனம் சோர்ந்தனர். மிளகாய் மிகவும் தேவைப்படும் மாதங்களிலேயே சாடிச் செடி மிகவும் வருந்துகிறது என்பதே நம் இடர்ப்பாடு. இவ்விடர்ப்பாட்டை நீக்கும் முறையை இப்பிரசுரம் விளக்கும்.

முதற்கண் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். சாடி சிறிய வயலன்று. வயலில் நீங்கள் கற்ற அனுபவம் பெரிது. ஆயினும் அதை அப்படியே சாடிக்கு மாற்றினால் தீங்கு விளையும். வயலிலே நிற்கும் செடியின் வேர், மேல்மண் சுடும்போது கீழே இறங்கிக் குளிர்ச்சியைத் தேடும். சாடியில் நிற்கும் செடியின் வேருக்கு ஓடி ஒளிய இடமில்லை. அது நான்கு புறமும் வெயிலாலும் காற்றாலும் சூழப்பட்டுள்ளது. ஆகவே கோடையிற் சாடிச் செடியைக் காத்தல் என்பது, பெரும்பாலும் அதன் வேரைக் காத்தலேயாகும்.

செடி பூவை உதிர்ப்பது ஏன்?

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற்குரிய பயிர். போர்த்துக்கேயர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் நம் நாடுகளை அடைந்தது. வெப்பத்தை விரும்பும் பயிராயினும் அதன் விருப்பத்திற்கும் ஓர் எல்லை உண்டு. பகல் வெப்பம் 20 முதல் 30 பாகை செல்சியசு வரை உள்ளபோது அது நன்கு பூத்துக் காய்க்கும். வெப்பம் 35 பாகையை நெருங்கும் நாட்களில் பூவின் மகரந்தம் வலுவிழக்கும். கருக்கட்டாத பூவைச் செடி தாங்கி நிற்பதில்லை, காம்போடு உதிர்த்துவிடும். இரவும் புழுக்கமாக இருந்தால் உதிர்வு மேலும் மிகும்.

இவ்வாறு பூ உதிர்வது செடி சாகப்போவதன் அறிகுறியன்று. தாங்க இயலாத சுமையை இறக்கி வைத்து, வேரையும் இலையையும் காத்துக்கொள்ளச் செடி செய்யும் உபாயமே அது. பலர் இதனை அறியாது, "இனி இது காய்க்காது" என்று செடியைப் பிடுங்கி எறிகின்றனர். இது பெரும் பிழை. மிளகாய்ச் செடி ஒரு போகத்தோடு முடிந்துவிடுவதன்று. நன்கு பேணினால் ஓராண்டுக்கு மேலும் நின்று காய்க்க வல்லது. கோடையைக் கடந்து நிற்கும் செடி, மாரி தொடங்கியதும் புதிய நாற்றுக்கு முன்னதாகவே காய் தரும்.

வெப்பம் மட்டுமே பூ உதிர்வதற்குக் காரணமன்று. நீர் ஒரு நாள் மிகுந்தும் ஒரு நாள் குறைந்தும் கிடைத்தல், உலர்காற்று, தழைச்சத்து மிகுதல், நீரிலுள்ள உப்பு, பனிப்பூச்சி, சிற்றுண்ணி ஆகியனவும் காரணங்களாம். வெப்பத்தை நாம் நீக்க இயலாது. ஏனையவற்றை நீக்கினால், வெப்பத்தின் கொடுமையைச் செடி ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

கச்சான் காற்றின் இயல்பு

தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து, மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையாகப் பொழிந்துவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது அக்காற்று வெப்பமுற்று வறண்டுபோகிறது. அதுவே நம் பகுதிக்குக் கச்சானாக வந்து சேர்கிறது. அங்கே மழை தரும் காற்றே இங்கே ஈரத்தை உறிஞ்சும் காற்றாகிறது. நமக்குரிய பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றினால், பெரும்பாலும் நவம்பர் முதல் சனவரி வரை பெய்கிறது. ஆகையால் மே முதல் செப்டெம்பர் வரையுள்ள மாதங்களைச் சாடிச் செடி நம் கையால் வார்க்கும் நீரைக் கொண்டே கழிக்க வேண்டியதாகிறது.

சிறுபோக வயலுக்குச் சேனாநாயக்க சமுத்திரத்து நீர் வாய்க்கால் வழியாக வருகிறது. 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயன் அது. சாடிக்கு அத்தகைய வாய்க்கால் இல்லை. அதன் குளமும் வாய்க்காலும் மடையும் உங்கள் கையிலுள்ள பேணியே.

சாடியும் மண்ணும்

ஒரு செடிக்கு வாய் அகலம் ஓர் அடியும் ஆழம் ஓர் அடியும் உள்ள சாடி வேண்டும். அதனினும் சிறிய சாடியிலுள்ள மண் கச்சான் நாட்களில் நண்பகலுக்கு முன்பே காய்ந்துவிடும். மண்சாடி மிகவும் ஏற்றது. அதன் சுவர் வழியாக நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் மண் குளிர்ந்திருக்கும். பிளாத்திக்கு வாளியும் உரப்பையும் பயன்படும். கறுப்பு நிறமுள்ளவை வெயிலை மிகுதியாக உட்கொள்ளும். வெள்ளை நிறமானவையே நல்லன. எப்பாத்திரமாயினும் அடியில் விரல் நுழையும் அளவான துளைகள் மூன்று நான்கு இருத்தல் இன்றியமையாதது.

மண்ணைத் தெரிவதில் நம் பகுதிக் கமக்காரர் இரு பிழைகளைச் செய்வதுண்டு. சிலர் கரையோர மணலை மாத்திரம் நிரப்புகின்றனர். மணல் நீரையும் பசளையையும் பிடித்து வைப்பதில்லை. வேறு சிலர், வயல் மண் வளமானது என்று எண்ணி அதனைக் கொணர்ந்து நிரப்புகின்றனர். வயலில் அக்களிமண் நன்மை தரும்; சாடியிலோ காய்ந்ததும் இறுகிச் சுருங்கும். சுருங்கிய மண்ணுக்கும் சாடிச் சுவருக்கும் இடையே இடைவெளி தோன்றும். அதன் பின் வார்க்கும் நீர் அவ்விடைவெளி வழியே கீழிறங்கி வெளியேறும். நடுவிலுள்ள வேர்க்கட்டி நனையாது. சாடியடியில் நீர் வடிவதைக் கண்டு செடி குடித்துவிட்டது என்று நாம் எண்ணுவோம். செடியோ தாகத்தால் வாடும்.

ஆகவே இரண்டையும் கலத்தல் நன்று. மேல்மண் இரண்டு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் அல்லது கரியாக்கிய உமி ஒரு பங்கு என்னும் அளவிற் கலந்து நிரப்புக. மேல்மண் மிகவும் மணலாயின் அதனுடன் வயல் மண்ணிற் சிறிது சேர்க்கலாம். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும். இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே பயன்படுத்துக. உக்காத பச்சை எருவை இடுதல் ஆகாது; அது சாடிக்குள்ளே உக்கும்போது வேரைச் சுடும். சாடியின் விளிம்புவரை நிரப்பாது, நீர் நிற்பதற்கு இரண்டங்குலம் இடம் விடுக.

சாடிக்கு நிழல் கொடுத்தல்

வெயில் நேரே படும் சாடியின் மண், காற்றின் வெப்பத்தைக் காட்டிலும் மிகுதியாகச் சூடேறும். மண்ணின் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது இளவேர்கள் கருகத் தொடங்கும். கருகுவன பெரும்பாலும் சாடியின் மேற்குச் சுவரை ஒட்டிய வேர்கள். பிற்பகலிற் சாடியின் அப்பக்கத்தைக் கையாற் தொட்டுப் பாருங்கள். உங்கள் கை பொறுக்காத சூட்டை வேர் பொறுக்கும் என்று எதிர்பார்த்தல் தகாது.

இதற்குச் செலவில்லாத நல்வழி ஒன்று உண்டு. சாடிகளை வீட்டின் கிழக்குப் பக்கத்தில் வைத்தல் வேண்டும். நம் பகுதியிற் கச்சானும் மேற்கிலிருந்து வருகிறது. கொடிய பிற்பகல் வெயிலும் மேற்கிலிருந்து வருகிறது. வீடே இரண்டையும் தடுக்கும். காலை வெயில் ஐந்தாறு மணிநேரம் கிடைத்தால் மிளகாய் பூப்பதற்கு அது போதும். முழுநிழலில் வைத்தல் ஆகாது. நிழலில் நிற்கும் செடி மெலிந்து நீளுமேயன்றிப் பூவாது.

கிழக்குப் பக்கத்தில் இடமில்லாதோர் சாடிகளுக்கு மேற்கே கிடுகுத் தட்டி ஒன்றை நிறுத்துக. தட்டி செடியளவு உயரம் இருந்தாற் போதும். மேலும் பின்வருவனவற்றுள் இயன்றதைச் செய்க:

சாடிகளைத் தனித்தனியே பரப்பி வைக்காது நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழலாகும். வெளிப்புறச் சாடிகளைச் சுற்றி வைக்கோலைச் செருகலாம். சாடியின் வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பு பூசினால் சூடு குறையும். மணல் நிலமுள்ள வளவாயின், சாடியை மூன்றிலிரண்டு பங்கு நிலத்திற் புதைத்து வைத்தல் மிகச் சிறந்தது. சீமெந்துத் தரையிலோ மொட்டைமாடியிலோ வைப்பவர் சாடிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துக. தரையின் சூடு அடிவேரைத் தாக்காது, நீரும் தடையின்றி வடியும்.

சாடியின் மேல்மண்ணை இரண்டங்குலத் தடிப்பில் வைக்கோலால் மூடுதல் இன்றியமையாதது. பெரும்போக அறுவடைக்குப் பின் வயலிற் கிடக்கும் வைக்கோலிற் சிறிதளவை இதற்கென ஒதுக்கி வைக்கலாம். வைக்கோல் தண்டோடு ஒட்டாதபடி ஓரங்குலம் விலக்கி இடுக. ஒட்டியிருப்பின் தண்டு அழுகும்.

நீர் வார்க்கும் முறை

சூரியன் ஏறுமுன், அதிகாலையில் நீர் வார்த்தலே சிறந்தது. பகலின் வெப்பத்தை எதிர்கொள்ளுமுன் செடி நீரை நிறைய உட்கொள்ளும். சிறிது சிறிதாக, அடித்துளை வழியே நீர் வடியத் தொடங்கும் வரை வார்க்க வேண்டும். மேல்மண் மாத்திரம் நனையும்படி பலமுறை தெளித்தல் பயனற்றது. அவ்வாறு செய்தால் வேர்கள் மேலேயே படர்ந்து, வெயிலால் எளிதிற் கருகும். நன்கு வளர்ந்த செடிக்குச் சாடியின் அளவுக்கேற்ப நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரை தேவைப்படலாம். கச்சான் மிகக் கடுமையாக வீசும் நாட்களில் அந்திப்பொழுதிலும் ஒரு முறை வார்க்கலாம்.

வார்ப்பதற்கு முன் விரலை மண்ணில் இரண்டங்குலம் செலுத்திப் பாருங்கள். அங்கே ஈரம் இருப்பின் வார்க்க வேண்டியதில்லை. இங்கேதான் வயல் அனுபவம் நம்மைத் தவறான வழியிற் செலுத்தக்கூடும். நண்பகலிற் செடி தலைசாய்ந்து நிற்பதைக் கண்டதும் வாளியோடு ஓடுவோர் பலர். மண் ஈரமாக இருக்கையில் நண்பகலிற் சாய்ந்து மாலையில் நிமிரும் இலை, வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. அதற்கு நீர் வேண்டுவதில்லை. நெல் நீரில் நிற்கும். மிளகாய் நீரில் நில்லாது. ஓயாது நனைந்த மண்ணில் வேர் மூச்சற்று அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்ச இயலாமையால் இலை மேலும் வாடும், அதைக் கண்டு மேலும் நீர் வார்ப்போம், செடி மடியும். அதிகாலையிலும் வாடியிருக்கும் செடியே கவனிக்க வேண்டிய செடி. மண் காய்ந்திருந்தால் அது தாகம். மண் நனைந்திருந்தால் அது வேரழுகல்.

இரண்டு நாள் வெளியூர் சென்று திரும்பியபோது மண் முற்றாகக் காய்ந்து சுவரை விட்டு விலகியிருக்குமாயின், மேலே நீர் வார்த்துப் பயனில்லை. சாடியை நீர் நிறைந்த தொட்டியில் அரைமணி நேரம் இருத்துக. குமிழிகள் எழுவது நின்றதும் எடுத்து நிழலில் வடியவிடுக. பெரும்பாலான செடிகள் மறுநாள் நிமிரும்.

நீர் அருமையான வீடுகளில், அரிசி கழுவிய நீரையும் காய்கறி கழுவிய நீரையும் சாடிக்கு வார்க்கலாம். சவர்க்காரம் கலவாத வுழூச் செய்த நீரும் செடிக்கு நன்றே. அதனை ஒரு வாளியிற் சேர்த்துவைத்தால் ஒரு வீட்டில் நாள்தோறும் பல சாடிகளுக்குப் போதிய நீர் கிடைக்கும். ஆனால் மீன் கழுவிய உப்புநீரும், சோறு வடித்த உப்பிட்ட கஞ்சியும் ஆகா. சாடியின் கீழே தட்டு வைத்து நீரைத் தேங்கவிடுதல் கூடாது. அது வேரை அழுகச் செய்வதோடு டெங்கு நுளம்பையும் பெருகச் செய்யும்.

கிணற்று நீரிலுள்ள உப்பு

நம் கரையோரத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. கோடையில் மழையின்றி நாம் மிகுதியாக இறைக்கும்போது நன்னீர்ப் படை மெலிந்து, கிணற்று நீர் உவர்க்கத் தொடங்குகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி நேர்ந்த கடல்கோளின்போது கடலையடுத்த கிணறுகள் உவர்நீரால் நிறைந்து பாழ்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடலுக்குத் தொலைவிலுள்ள கிணறுகளிலும் கோடையின் கடைசியில் உவர்ப்புத் தோன்றுவது உண்டு.

மிளகாய் உப்பை அதிகம் தாங்காத பயிர். வயலில் மிகுந்த உப்பை மாரிமழை கழுவிக்கொண்டு போகும். சாடியிலோ நீர் ஆவியாகப் போகிறது. உப்பு அங்கேயே தங்குகிறது. நாம் நாள்தோறும் சிறிது சிறிதாக உப்பைச் சேர்த்து வைக்கிறோம் என்பதே பொருள். சாடியின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெண்மையான பொருக்குப் படிதலும், இலையின் நுனியும் ஓரமும் கருகுதலும் இதன் அறிகுறிகள்.

இதற்குப் பரிகாரம் எளியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கிடைக்கக்கூடிய நன்னீரை, சாடியின் கொள்ளளவுக்கு ஒரு மடங்கேனும் மெதுவாக வார்த்து அடிவழியே முற்றாக வடியவிடுக. பத்து லீற்றர்ச் சாடிக்குப் பத்து லீற்றர் நீர் என்பது கணக்கு. வெண்பொருக்கு இருப்பின் முதலில் அதனைச் சுரண்டி அகற்றுக. அயல்வீட்டுக் கிணறு உவர்ப்புக் குறைந்ததாயின் இந்தக் கழுவலுக்கு மாத்திரமாவது அந்நீரைப் பெற்றுக் கொள்வது நல்லது. கோடையில் எதிர்பாராது ஒரு மழை பெய்யுமாயின் சாடிகளை வெளியே எடுத்து வைத்து நனையவிடுக. மழைநீரைப் போலச் சாடியைக் கழுவும் நீர் வேறில்லை.

பசளை இடுதல்

வயலுக்கு எறிவதுபோல் ஒரு பிடி யூரியாவைச் சாடியில் எறிவோர் இருக்கின்றனர். அந்த ஒரு பிடி, வயலிற் பல பயிர்களுக்குப் பங்கிடப்படுவது. சாடியில் ஒரு செடியின் வேரிலேயே தங்குவது. வேர் கருகாது தப்பினாலும், தழைச்சத்து மிகுந்து செடி கரும்பச்சையாகத் தழைக்குமேயன்றிப் பூவாது, பூத்தாலும் உதிர்க்கும். மென்தழையை நாடிப் பூச்சிகளும் வரும்.

உப்பைக் கழுவியதன் மறுநாளே பசளைக்கு ஏற்ற நாள். ஏனெனில், உப்போடு ஊட்டமும் சிறிது கழுவப்பட்டிருக்கும். எருநீரே சாடிக்கு மிகவும் ஏற்றது. உக்கிய மாட்டெரு ஒரு பங்கைப் பத்துப் பங்கு நீரிற் கரைத்து, இரண்டு நாள் வைத்துத் தெளிந்த நீரை வடித்து, சாடிக்கு அரை லீற்றர் வீதம் வார்க்கலாம். கிளிசரிடியா இலையை ஊறவைத்த நீரும் இவ்வாறே பயன்படும். இரசாயனப் பசளை இடுவோர் தழை, மணி, சாம்பற் சத்து மூன்றும் அடங்கிய கலவைப் பசளையை ஒரு லீற்றர் நீருக்கு அரைத் தேயிலைக்கரண்டி அளவிற் கரைத்து வார்க்குக. காய்ந்த மண்ணில் எப்பசளையும் இடுதல் ஆகாது. முதலில் நீர், பின்னர்ப் பசளை. பூக்கும் காலத்திற் சாம்பற் சத்து வேண்டும். அடுப்புச் சாம்பலை மாதம் ஒரு முறை ஒரு தேயிலைக்கரண்டி அளவு தூவலாம். அதனினும் மிகின் மண் காரமாகும். சாம்பலையும் யூரியாவையும் ஒருங்கே இடுதல் கூடாது. யூரியாவின் சத்து ஆவியாகப் போய்விடும்.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதன்பின் பசளை விலை ஏறியதையும் கமக்காரர் கண்டனர். வயலுக்கு இது பெருஞ்சுமையாயிற்று. சாடிச் செடிக்கோ வீட்டுக் கூட்டெருவே போதும். அடுக்களைக் கழிவையும் உதிர்ந்த இலையையும் வளவின் ஒரு மூலையிற் குவித்து உக்கவிடும் பழக்கத்தை ஒவ்வொரு வீட்டாரும் மேற்கொள்ளல் வேண்டும்.

பீடைகளை அறிதல்

வறண்ட காலமே பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் பெருகும் காலம். இலை மேல்நோக்கித் தோணிபோல் மடிந்தால் பனிப்பூச்சி எனவும், கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டால் சிற்றுண்ணி எனவும் கொள்க. வெண் ஈயால் பரவும் வைரசு தொற்றிய செடியோ இலை மஞ்சளாகிச் சுருண்டு, வளர்ச்சி குன்றி நிற்கும். அதற்கு மருந்து இல்லை. அச்செடியைப் பிடுங்கி எரித்து, ஏனைய செடிகளைக் காப்பாற்றுக.

மூன்று நாளுக்கு ஒருமுறை இலையைப் புரட்டிப் பாருங்கள். தொடக்கத்திலேயே கண்டால், இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பாய்ச்சுதலே போதும். மேலும் மிகுமாயின், 50 கிராம் வேப்பம் விதையை இடித்து ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரக் கரைசல் கலந்து, மாலை வேளையில் இலையின் இருபுறமும் தெளிக்குக. ஒரு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தல் வேண்டும்.

இங்கு உங்களை மிகவும் எச்சரிக்க விரும்புகிறோம். வயலுக்கு வாங்கி எஞ்சிய பூச்சிநாசினியை அடுக்களை வாசலிலுள்ள சாடிக்கு ஒருபோதும் தெளியாதீர்கள். வயலில் நெல் அறுவடையாவதற்குப் பல நாள் உண்டு. சாடி மிளகாயையோ பிள்ளைகள் அன்றே பறித்து வருவர், அன்றே கறியில் விழும். மருந்தின் நச்சு நீங்கக் காத்திருக்க வேண்டிய நாட்களைச் சாடியில் யாரும் எண்ணுவதில்லை. ஒரு கைப்பிடி மிளகாய்க்காக ஒரு குடும்பத்தின் உடல்நலத்தைப் பணயம் வைத்தல் அறிவுடைமையாகாது.

கத்தரித்தலும் ஓய்வும்

கோடை உச்சத்தில், அதாவது யூலை, ஆகஸ்ட் மாதங்களில், செடியிலிருந்து நிறைந்த விளைவை எதிர்பாராதீர்கள். காய்த்தவற்றைப் பச்சையாகவே அடிக்கடி பறியுங்கள். பழுக்கவிடப்படும் காய் செடியின் வலுவை உறிஞ்சும். மிகவும் களைத்த செடியின் பூக்களையும் பிஞ்சுகளையும் சில நாட்கள் கிள்ளிவிட்டால் அது வேர்பிடித்துத் தேறும்.

செப்டெம்பர் இறுதியில் வெப்பம் தணியத் தொடங்கும்போது, செடியின் உயரத்தில் மூன்றிலொரு பங்கைக் கூரிய கத்தியால் நறுக்குக. உலர்ந்த கிளைகளையும் நோயுற்ற இலைகளையும் நீக்குக. மேல்மண்ணில் இரண்டங்குலத்தை அகற்றிப் புதிய கூட்டெருவை நிரப்புக. முதல் மழையோடு புதுத்தளிர் வரும். தளிரோடு பூவும் வரும். பெரும்போக விதைப்பு வேலையில் நீங்கள் வயலில் இருக்கும் நாட்களில், வீட்டில் மிளகாய் காய்த்திருக்கும்.

புதிதாக நடுவோர், திணைக்களம் வெளியிட்ட எம்.ஐ.–2, கே.ஏ.–2 முதலிய இனங்களின் விதையைப் பெற்று நாற்றிடலாம். மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்திலே வறண்ட வலயத்திற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டவை இவற்றுள் உண்டு. கோடைக்குள் வேர் நன்கு ஊன்றும்படி, பங்குனி மாதத்திற்கு முன்பே நாற்றைச் சாடியில் நடுதல் நன்று.

பூச்செடிகளுக்கும் இது பொருந்தும்

முற்றத்திலே ரோசா, செவ்வந்தி, மல்லிகை முதலியவற்றைச் சாடியில் வளர்ப்போர் மேற்கூறிய முறைகளையே கைக்கொள்ளலாம். நுவரெலியாவிற்குச் சென்று திரும்புவோர் அங்கிருந்து ஜெரேனியம் முதலிய மலைநாட்டுப் பூச்செடிகளை ஆசையோடு கொணர்வதுண்டு. கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள குளிர்நாட்டிற் செழிக்கும் அச்செடி, கச்சான் வீசும் கரையோரத்தில் வருந்துவது இயல்பே. அதற்கும் காலை வெயில், குளிர்ந்த சாடி, வடிகால் என்னும் மூன்றுமே மருந்து. ஆயினும் நம் மண்ணுக்கு ஏற்ற நித்தியகல்யாணி, அதிக பாடின்றிக் கோடை முழுதும் பூக்கும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. சாடியை வீட்டின் கிழக்கே வைக்குக. காலை வெயில் போதும்.
2. சாடிச் சுவருக்கு நிழலும், மேல்மண்ணுக்கு வைக்கோலும் தேவை.
3. அதிகாலையில், அடிவழியே வடியும் வரை நீர் வார்க்குக. விரலால் ஈரம் பார்த்த பின்னரே வார்க்குக.
4. பதினைந்து நாளுக்கு ஒருமுறை உப்பைக் கழுவி, மறுநாள் எருநீர் இடுக.
5. வயலுக்குரிய பூச்சிநாசினி சாடிக்கு ஆகாது.
6. பூ உதிர்ந்த செடியைப் பிடுங்காதீர். கோடையைக் கடக்க அதற்கு உதவுக.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு கேட்கலாம். நோயுற்ற இலை ஒன்றைக் காகிதத்தில் மடித்து உடன் கொண்டு செல்லுதல் நலம். 1920 என்னும் இலக்கத்திலுள்ள விவசாய ஆலோசனைச் சேவையையும் தொலைபேசியில் அழைக்கலாம்.

வளவு சிறிதாயினும் முயற்சி சிறிதாக வேண்டியதில்லை. இவ்வாண்டு நான்கு சாடியோடு தொடங்குங்கள். கச்சான் ஓய்ந்து முதல் மழை விழும் நாளில் அந்நான்கும் உயிரோடு நின்றால், மறு ஆண்டு எத்தனை சாடி வைக்கலாம் என்பதை நீங்களே தீர்மானிப்பீர்கள்.